காசோலை அளவுத் தகட்டில் ஒரு தூக்குமரம்

அந்த மரத்தை நான் முதலில் பார்த்தது கணினித் திரையில். ஒரு மியூசியத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது விரிந்துகொண்டே போனது. வெட்டவெளியில் தனியாக நிற்கும் முதிர்ந்த மரம். அதன் கிளைகளில் சுமார் இருபது பேர் தொங்குகிறார்கள். தண்டில் சாய்த்திருக்கும் ஏணியில் அடுத்தவன் நிற்கிறான். அதே ஏணியில் பாதிரியார் ஒருவர் சிலுவையை அவன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருக்கிறார். மரத்தடியில் ஒரு முரசின் மேல் பகடை உருட்டுகிறார்கள். சுற்றிலும் படைவரிசைகள். அவர்கள் பிடித்திருக்கும் ஈட்டிகள் நாணல் புதர்போல அடர்ந்து நிற்கின்றன.

சுவர் அளவு ஓவியம் என்றுதான் நினைத்தேன். கீழே அளவு போட்டிருந்ததைப் படித்தபோது நம்ப முடியவில்லை. உயரம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர், அகலம் பதினெட்டரை சென்டிமீட்டர். ஸ்கேலை எடுத்து ஒரு வெள்ளைத்தாளை அந்த அளவுக்கு வெட்டினேன். மேஜையில் கிடந்த பேங்க் செக் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். செக் தாள் அதைவிடப் பெரிது.

அன்றிரவு வெகுநேரம் அந்த வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள்ளா ஒரு படையும் ஒரு மரமும் இத்தனை சாவும்?

படத்தைச் செய்தவர் ஜாக் கல்லோ. 1592இல் நான்சி நகரில் பிறந்து 1635இல் அதே ஊரில் இறந்தவர். பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் நான்சி பிரான்சில் இல்லை. லொரேன் என்ற தனிக் கோமகன் நாட்டின் தலைநகரம் அது. லொரேன் முழுமையாகப் பிரான்சோடு சேர்ந்தது 1766இல்தான். அவர் வாழ்க்கையில் இது சின்ன விஷயமில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், எனக்கு ஏன் இந்த ஆள்மேல் இவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்த பிறகு இரண்டு வருடம் மதுரையில் ஒரு பிளாக் செய்யும் கடையில் மாமாவோடு வேலை பார்த்தேன். ஆஃப்செட் எல்லா ஊருக்கும் வந்து சேராத காலம். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், நோட்டீசுக்குத் தலைவர் படம், சோப்புக் கம்பெனிக்கு லேபிள் என எதை அச்சடிக்க வேண்டுமானாலும் ஜிங்க் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். படத்தின் நெகட்டிவைத் தகட்டில் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பூச்சு நிற்கும். பிறகு ஆசிட் தொட்டி. பூச்சு இல்லாத இடத்தையெல்லாம் ஆசிட் தின்று பள்ளமாக்கும். படம் மேடாக நிற்கும். தொட்டியை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருப்பது என் வேலை. அந்தப் புகை தொண்டையில் ஏறிக் கரகரக்கும். சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும்.

ஒருநாள் கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு ஒன்றைத் தொட்டியில் போட்டுவிட்டு வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்து எடுத்தால் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஈரத்தைத் துடைத்துப் பார்த்த மாமா தகட்டை என் கையில் கொடுத்து, "வாசிடா" என்றார். 'அழைப்பிதழ' என்று இருந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம். "ஆசிட்டு மேலேருந்து மட்டும் திங்காதுடா. பக்கவாட்டுலயும் திங்கும். பெரிய எழுத்து தாங்கும். புள்ளிக்கு யாரு இருக்கா? அதைத்தான் மொதல்ல முழுங்கும். நீதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

தனியாக நிற்கும் சின்னப் புள்ளிதான் முதலில் போகும். கல்லோவைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வார்த்தை எனக்குள் கேட்கிறது. தன் ஆயுள் முழுக்க அந்த மனுஷன் புள்ளி அளவு மனிதர்களையே அமிலத்துக்குள் இறக்கி, ஒருவரையும் இழக்காமல் வெளியே எடுத்தவர்.

கல்லோவின் அப்பா லொரேன் கோமகனின் அவையில் குலச்சின்னங்களையும் சடங்குகளையும் கவனிக்கும் அதிகாரி. கௌரவமான குடும்பம். பையன் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு ஓடி, நாடோடிக் கூட்டம் ஒன்றோடு நடந்தே இத்தாலிக்குப் போனான் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, பின்னாளில் அவர் நாடோடிகளின் பயணத்தை நான்கு படங்களாகச் செய்தார். கழுதை மேல் குழந்தை, தோளில் துப்பாக்கி, கூடையில் கோழி என்று போகிற கூட்டம். அந்த மக்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு கண் அவற்றில் தெரிகிறது. ஆவணம் சொல்வது இதுதான்: 1607இல் நான்சியில் தெமாஞ்ச் குரோக் என்ற பொற்கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் ரோம் போய், அங்கே கடை வைத்திருந்த ஃபிலிப் தொமாசன் என்ற பிரெஞ்சுச் செதுக்காளரிடம் வேலைக்கு அமர்ந்தார்.

ரோமில் அவர் கற்றது உளி வேலை. ப்யூரின் என்ற எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிச் செப்புத் தகட்டில் நேரடியாகக் கோடு கிழிப்பது. எவர்சில்வர் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவரை நின்று பார்த்திருப்பீர்கள். எழுத்து வளைகிற இடத்தில் அவர் கை வளையாது, குடத்தைத்தான் திருப்புவார். இங்கேயும் அப்படித்தான். உளி நேரே போகும், தகடு சுழலும். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலிந்து முடியும். கோட்டின் அந்தத் தடிப்பும் மெலிவும்தான் உளி வேலையின் அழகு. ஆனால் வருஷக்கணக்கில் பழக வேண்டும், கையும் வேகமாக ஓடாது.

இன்னொரு வழி எச்சிங். தகட்டில் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, அதில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் இட்டால், ஊசி கீறிய இடத்தை அமிலம் தின்று பள்ளமாக்கும். எங்கள் பிளாக்குக்கு நேர் எதிர்: அங்கே கோடு மேடு, இங்கே கோடு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் மை நிற்கும். காகிதத்தில் பேனா ஓட்டுகிற மாதிரி சுலபமாக வரையலாம். குறை என்னவென்றால், ஊசிக்கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. மெழுகும் இளகி, எதிர்பாராத இடத்தில் பெயர்ந்து, அமிலத்தை உள்ளே விட்டுவிடும். அதனால் எச்சிங் என்றால் ஓவியர்கள் ஓய்வுநேரத்தில் செய்து பார்ப்பது என்ற நினைப்பு தொழில் செதுக்காளர்களிடம் இருந்தது.

1612 வாக்கில் கல்லோ ஃப்ளாரன்ஸுக்கு வந்தார். மெடிச்சி குடும்பத்தின் ஆட்சி, இளவயதுக் கோமகன் இரண்டாம் கோசிமோ. ஆற்றில் அலங்காரப் படகுகள், சதுக்கத்தில் குதிரை நாடகம் என்று விழா ஓயாத ஊர். அந்த விழாக்களைப் படமாகப் பதிப்பது கல்லோவின் வேலையானது. ஆயிரம் பேர் கூடும் சதுக்கத்தை உளியால் வெட்டி எந்தக் காலத்தில் முடிப்பது? எச்சிங்கின் வேகமும் வேண்டும், உளியின் துல்லியமும் வேண்டும். அந்த நெருக்கடியில் அவர் கண்டெடுத்தவை இரண்டு.

முதலாவது பூச்சு. லூட் மாதிரியான நரம்பு வாத்தியம் செய்கிற தச்சர்கள் மரத்துக்குப் பூசும் கெட்டி வார்னிஷ், மாஸ்டிக் பிசினும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. அதை மெழுகுக்குப் பதிலாகத் தகட்டில் தடவினார். பிறகு தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிக் கறுப்பாக்குவார்கள். வீட்டில் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடிக்கிற அதே வித்தை. கறுத்த பூச்சைக் கரி நெருப்பில் சுட்டு இறுக்கினால், அது ஊசிக்கு வழிவிடும், ஆனால் பெயராது.

இரண்டாவது எஷோப் என்ற கருவி. தடித்த ஊசியின் முனையைச் சாய்வாகத் தேய்த்தால் நீள்வட்டமாக ஒரு முகம் கிடைக்கும். கையைச் சற்றுத் திருப்பினால் கோடு மெல்லியதாகும், இன்னொரு பக்கம் திருப்பினால் தடிக்கும். பட்டை நிப்பு வைத்து எழுதியவர்களுக்கு இது உடனே பிடிபடும். உளியின் தடிப்பும் மெலிவும் இப்படி ஊசிக்கு வந்துவிட்டன.

பூச்சு உறுதியானதால் இன்னொன்றும் கைகூடியது, என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. தகட்டை ஒரே தடவையில் தின்னக் கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அமிலம், பிறகு கழுவல். தூரத்து மலை, மங்கலான கோபுரம் ஆகியவற்றின் கோடுகளை எண்ணெயும் கொழுப்பும் கலந்த பசையால் மூடிவிட்டு மறுபடி அமிலம். அடுத்து நடுத்தூரத்தை மூடுவது. கடைசியில் முன்னால் நிற்கும் ஆட்களின் கோடுகள் மட்டும் ஆழமாகத் தின்னப்படும். ஆழக் கோடு மையை நிறையப் பிடிக்கும், கறுக்கும். ஆழமில்லாதது சாம்பலாக நிற்கும். அவர் படங்களில் தூரம் என்பது நிமிஷக் கணக்கு. மாமா சொன்ன 'பார்த்துக்கிட்டே இருக்கணும்' என்பதைக் கல்லோ ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார்.

இதெல்லாம் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவது ஆப்ரஹாம் பாஸ் என்ற இன்னொரு செதுக்காளரால். தூர் நகரத்துக்காரர், பாரிஸில் கல்லோவிடமிருந்து நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். 1645இல் இந்தத் தொழிலுக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். கெட்டி வார்னிஷுக்கு ஏற்ற அமிலத்தை எப்படிச் செய்வது என்று அதில் இருக்கிறது: காடி, நவச்சாரம், உப்பு, செம்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பு. நவச்சாரம் என்றதும் எனக்கு ஈயம் பூசுகிறவரின் துருத்தியும் வெள்ளைப் புகையும்தான் கண்முன் வந்தன. சாய்த்து வைத்த பலகையில் தகட்டை நிறுத்தி, குவளையால் அமிலத்தை மொண்டு மொண்டு ஊற்றும் முறையை பாஸ் படமாகவே போட்டிருக்கிறார். ஊற்றியது கீழே தொட்டியில் சேரும், திரும்ப மொண்டு ஊற்ற வேண்டும். அந்தப் படத்தைத் தேடிப் போய்த்தான் நான் கல்லோவிடம் வந்து சேர்ந்தேன். தொழில் ரகசியத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காத இரண்டு பேர். ஒருவர் சொல்லிக் கொடுத்தார், மற்றவர் ஊருக்கெல்லாம் எழுதி வைத்தார்.

ஃப்ளாரன்ஸ் காலத்தின் உச்சம் 1620இல் வந்த இம்ப்ருனேத்தா சந்தைப் படம். ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்து ஊர், சுட்ட மண்பாண்டத்துக்குப் பேர்போனது. அக்டோபரில் புனித லூக்கா திருநாளன்று அங்கே பெரிய சந்தை கூடும். கல்லோ அந்தச் சந்தை முழுவதையும் ஒரே தகட்டில் இறக்கினார். பொறுமையாக எண்ணியவர்கள் மனிதர்களே 1,100க்கு மேல் என்கிறார்கள். குதிரை, கழுதை, நாய்கள் தனி. முன்னால் பானை சட்டி பேரம். ஒரு மேடையில் பாம்பைக் காட்டி மருந்து விற்கிறவன். எங்கள் ஊர்ச் சந்தையில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிக் கடைசிவரை விடாமலே தைலம் விற்றுவிட்டுப் போகிற ஆளுக்கு இவன் பங்காளி.

இந்தப் படத்தில் என்னை உட்காரவைப்பது கூட்டத்தின் அளவு இல்லை. பின்னால், சர்ச்சுக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்குச் சுருங்கிய மனிதர்களைப் பாருங்கள். ஒருவன் குனிந்திருக்கிறான். ஒருவன் இடுப்பில் கை வைத்திருக்கிறான். ஒருத்தி திரும்பிக் கூப்பிடுகிறாள். கூட்டம் வரையும்போது பின்வரிசைக்கு வட்டம் வட்டமாகத் தலைகளைப் போட்டு நிரப்புவதுதான் எல்லாரும் செய்வது. நானும் போஸ்டர் வேலையில் அதைத்தான் செய்திருக்கிறேன். கல்லோ அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவே இல்லை. எவ்வளவு சின்னதானாலும் அங்கே இருப்பது ஓர் ஆள். அவனுக்கென்று ஒரு நிற்கும் விதம், ஒரு வேலை, ஒரு அவசரம் இருக்கிறது.

1621இல் கோசிமோ இறந்தார். அரண்மனைச் செலவைச் சுருக்கினார்கள், கலைஞர்களுக்குப் படி நின்றது. கல்லோ நான்சிக்குத் திரும்பினார். 1623இல் காத்ரின் குத்திங்கர் என்பவரை மணந்தார்.

ஊர் திரும்பிய கையோடு அவர் செய்தவற்றில் பிச்சைக்காரர்கள் வரிசை ஒன்று, 25 படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 14க்கு 9 சென்டிமீட்டர். நம் தபால் கார்டின் அளவு அப்படியே. ஒரு பழைய கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் மனசு என்னவோ ஆகிவிடும். பின்னணி கிடையாது. வீடு, தெரு, வானம் எதுவும் இல்லை. காலடியில் கொஞ்சம் நிழல் மட்டும். கட்டைகளை ஊன்றி நிற்கும் முடவன், ஜெபமாலையோடு ஒருத்தி, பூனைகளோடு உட்கார்ந்திருக்கும் கிழவி. அரண்மனை விழாக்களை வரைந்த அதே எஷோப், கிழிசல் போர்வையின் மடிப்பில் தடித்து மெலிந்து போகிறது. பட்டுக்குக் கொடுத்த கவனத்தில் கந்தலுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பிற்பாடு ரெம்பிராண்ட் ஹாலந்தில் பிச்சைக்காரர்களை எச்சிங் செய்தபோது இந்தப் படங்கள் அவர் மனதில் இருந்தன என்பது அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த பத்தாண்டு முற்றுகைகளின் காலம். ஸ்பானியப் படை ப்ரெடா நகரைப் பிடித்ததை, பிரஸல்ஸில் ஆண்ட ஸ்பானிய இளவரசி இஸபெல்லாவுக்காக ஆறு தகடுகளில் செய்தார். அது பெரும் பேர் வாங்கிக் கொடுக்க, பிரான்ஸ் மன்னர் பதின்மூன்றாம் லூயி அவரைப் பாரிஸுக்கு அழைத்தார். மன்னரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் துறைமுக நகரம் லா ரொஷெலின் முற்றுகையும் ரே தீவின் முற்றுகையும் பிரம்மாண்டப் படங்களாயின. லா ரொஷெலில் 1627-28இல் நடந்தது பட்டினி முற்றுகை. சுமார் 27,000 பேர் இருந்த ஊரில் கடைசியில் மிஞ்சியவர்கள் 5,000 பேர். படங்கள் என்னவோ மன்னருக்குப் புகழ் பாடத்தான் செய்யப்பட்டவை. வரைபடமும் காட்சியும் கலந்த அந்தத் தகடுகள் நுட்பத்தில் அபாரம். இருந்தாலும் என் மனம் அவற்றில் ஒட்டவில்லை, கடந்துவிடுகிறேன்.

1633இல் வந்தது 'போரின் பெருந்துயரங்களும் கேடுகளும்' என்ற வரிசை. பதினெட்டுத் தகடுகள். எல்லாமே அந்தக் காசோலை அளவுதான்.

முதல் தகடு தலைப்பு. அடுத்து ஆள் சேர்ப்பு: முரசு கொட்டுகிறது, மேஜையில் பணம், இளைஞர்கள் பேர் கொடுக்கிறார்கள். மூன்றாவது யுத்தம். படம் வரைகிற பெரும்பாலானவர்கள் போரை அங்கேயே முடித்துவிடுவார்கள். கல்லோவுக்கு ஒரே ஒரு தகடு போதுமாக இருக்கிறது யுத்தத்துக்கு. மீதியெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை. சம்பளம் கிடைக்காத, சோறு கிடைக்காத சிப்பாய்கள் கிராமத்துக்குள் இறங்குகிறார்கள். ஐந்தாவது தகட்டில் ஒரு பண்ணைவீட்டின் உள்பக்கம். சுவர் ஒன்றை எடுத்துவிட்டு நாடக மேடைபோல் காட்டுகிறார். ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு அடியில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், பணத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்க. பெண்களை இழுத்துப் போகிறார்கள். பீப்பாயைத் திறந்து குடிப்பவனும் அதே அறையில் இருக்கிறான். அடுத்த தகடுகளில் மடாலயம் எரிகிறது, கிராமம் எரிகிறது, வழியில் வண்டியை மறித்துக் கொள்ளை.

ஒன்பதாவதில் அந்தச் சிப்பாய்கள் பிடிபடுகிறார்கள். அதன்பின் வரிசையாகத் தண்டனை. கையைப் பின்னால் கட்டி உயரத் தூக்கிப் பட்டென்று விடுவது, தூக்கு, துப்பாக்கி, நெருப்பு, சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் காலிழந்த சிப்பாய்கள். பிறகு சாலையோரத்தில் அநாதையாகச் சாகிறவர்கள். பதினேழாவதில் குடியானவர்கள் மறைந்திருந்து சிப்பாய்களை அடித்துக் கொன்று துணியை உரிக்கிறார்கள். கடைசித் தகட்டில் அரசர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நல்லவர்களுக்குப் பரிசு வழங்குகிறார்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆறு வரி பிரெஞ்சுச் செய்யுள். மிஷேல் தெ மரோல் என்ற பாதிரியார் எழுதியதாகச் சொல்வார்கள். (லட்சத்துக்கு மேல் அச்சுப்படங்கள் சேர்த்து வைத்திருந்த மனிதர் அவர். 1667இல் பதினான்காம் லூயிக்கு அவர் விற்ற அந்தச் சேகரிப்பில்தான் பிரான்சின் தேசிய அச்சுப்படக் களஞ்சியம் வேர்விட்டது.) தூக்குமரத்தின் கீழிருக்கும் செய்யுள், இந்தக் கேடுகெட்ட திருடர்கள் அவலமான கனிகள்போல மரத்தில் தொங்குகிறார்கள், குற்றமே குற்றத்தைப் பழிவாங்கும் கருவி, தீயவர்கள் என்றாவது வானத்தின் நீதியைச் சந்தித்தே தீர வேண்டும் என்கிறது.

செய்யுளின்படி இது ஒழுக்கம் தவறிய படையை நேர்வழிக்குக் கொண்டுவருகிற கதை. வரிசையை அப்படியே வாசிக்கும் அறிஞர்களும் உண்டு. தகடுகளின் மேல் 'மன்னரின் அனுமதியோடு' என்று பொறித்திருப்பதால் அந்த வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. பாரிஸில் இதை வெளியிட்டவர் கல்லோவின் நண்பர் இஸ்ராயேல் ஆன்ரியே. அவர் காசு போட்டது விற்பதற்காகத்தான். ஆனாலும் செய்யுளை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். படம் யார்மேலும் கோபப்படவில்லை. ஐந்தாவது தகட்டில் நெருப்புக்கு மேல் தொங்கும் குடியானவன் உடம்பும், பதினோராவதில் மரத்தில் தொங்கும் சிப்பாயின் உடம்பும் ஒரே கனத்தில்தான் தொங்குகின்றன. அவனைத் தொங்கவிட்டவன்தான் இவன். அதற்காக இவன் கழுத்தின் சாய்வைக் கல்லோ அலட்சியமாக வரையவில்லை. பாவம் பார்த்தும் வரையவில்லை. இருந்தபடி வரைந்தார். அந்த நிதானத்தைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏறக்குறைய 180 வருடம் கழித்து ஸ்பெயினில் ஓவியர் கோயா போரை எச்சிங் செய்தபோது இரண்டு மூன்று பேரை மட்டும் நம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். அலறல் காதில் விழும். கல்லோவிடம் சத்தமே வராது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து பார்க்கிற தூரம். அந்தத் தூரத்தால் மனசு இறுகிவிட்டவர் என்று அவரைச் சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். படம் செக் தாளைவிடச் சின்னது. என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாம்தான் மூக்கு முட்டும்வரை குனிய வேண்டும். அவர் தள்ளி நின்றார், நம்மைக் கிட்டே இழுத்தார்.

இந்த வரிசையை லொரேன் மக்களின் துயரத்துக்கு நேரடி சாட்சி என்று பலர் எழுதுகிறார்கள். நாள்களைப் பார்த்தால் அது பொருந்தாது. ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் 1618இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் லொரேனின் படுபயங்கரமான வருடங்கள் 1633க்குப் பிறகுதான் வந்தன. எந்தத் தகட்டிலும் ஊர்ப்பெயர் இல்லை, படையின் பெயர் இல்லை. வரைந்து முடித்த பிறகு அது அவர் வாசலுக்கே வந்தது.

லொரேன் கோமகன் நான்காம் ஷார்ல், தன் தங்கையைப் பிரெஞ்சு மன்னரின் தம்பிக்கு ரகசியமாக மணமுடித்ததில் லூயிக்கும் அவருடைய தலைமை அமைச்சர் ரிஷல்யுவுக்கும் ஆத்திரம். பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட்டது. 1633 செப்டம்பரில் நான்சி விழுந்தது. பிற்பாடு ஃபெலிபியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்த சம்பவம் இது. லா ரொஷெலைச் செய்ததுபோல் நான்சியைப் பிடித்ததையும் செய்து கொடு என்று மன்னர் கேட்டார். தான் லொரேன்காரன் என்றும், தன் கோமகனுக்கும் தன் நாட்டுக்கும் இழுக்கான எதையும் செய்யக்கூடாது என்றும் கல்லோ மறுத்தார். அவையினர் வற்புறுத்தப் பார்த்தபோது, அதற்குமுன் என் கட்டைவிரலை வெட்டிக்கொள்வேன் என்றார். மன்னர் கோபப்படாமல் விட்டுவிட்டார்.

சம்பவம் எழுதப்பட்டது கல்லோ இறந்து பல வருடங்களுக்குப் பிறகு. வாய்வழியாக மெருகேறியிருக்கும். ஆனாலும் நான்சியின் வீழ்ச்சியைக் காட்டும் கல்லோ தகடு எதுவும் கிடையாது, அது போதும் எனக்கு. கட்டைவிரல் என்று சொன்னதையும் கவனிக்க வேண்டும். எஷோப்பைத் திருப்புவது கட்டைவிரல்தான். தடிப்பும் மெலிவும் அதில்தான் இருக்கிறது. அந்தக் கோட்டையே விட்டுவிடுவேன் என்று ஒரு கைவினைக்காரனால் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை அது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்தான் இருந்தார். வயிற்று நோய். தகட்டின் மேல் குனிந்தே கழிந்த ஆயுள். கடைசிக் காலத்து வேலைகளில் ஒன்று புனித அந்தோணியாரின் சோதனை, வானம் முழுக்கப் பறக்கும் பிசாசுக் கூட்டம். 1635 மார்ச் 24 அன்று இறந்தார். நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. நான்சியின் கோர்தலியே சர்ச்சில் அடக்கம். விட்டுச் சென்ற படங்கள் சுமார் 1,400. தகடுகளில் பெரும் பங்கு ஆன்ரியே கைக்குப் போய், பிறகு அவர் சகோதரியின் மகன் இஸ்ராயேல் சில்வெஸ்தரிடம் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான தகடுகள் இன்று நான்சியில் லொரேன் மியூசியத்தில் இருக்கின்றன.

சில வருடங்கள் முன்பு லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்படப் பார்வையறையில் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்கிப் போனேன். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும். கொண்டுவந்து வைத்தார்கள். காகிதத்தின் நிறம் லேசாக மஞ்சளித்த சோறுபோல. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய விளிம்பு தெரிந்தது. ஈரக் காகிதத்தைத் தகட்டின் மேல் பரப்பி உருளைக்கு நடுவே விட்டு இழுத்தபோது விழுந்த அழுத்தம், இத்தனை நூற்றாண்டு கழித்தும் அப்படியே நிற்கிறது.

லென்ஸை வைத்துக் குனிந்தேன். பள்ளத்தில் இருந்த மை காகிதத்தில் ஏறி லேசான மேடாக நின்றது. மரத்துக்கு நேரே போனேன். ஏணி, சிலுவை, அடுத்தவன். கீழே, சாகப்போகிறவர்களிடம் இருந்து உரிந்து போட்ட துணிக்குவியல். அதையும் தாண்டி ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். பக்கத்தில் பாதிரியார் அவன் சொல்வதைக் கேட்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குவார்கள். தலை கடுகு அளவு. அந்தக் கடுகைக் கல்லோ ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார், மெதுவாகப் பேசுகிறவனுக்குக் காது கொடுக்கிற சாய்வு. லென்ஸை எடுத்தால் அங்கே ஒரு புள்ளிதான் இருந்தது. மறுபடி வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தார்.